கருவில் ஒரு செல் யாராக மாறும், பிழைக்குமா? சிக்னல் புரதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவளர்ச்சிப் பாடத்தைத் தொடங்குபவர்களும், ஸ்டெம் செல் தட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் 9 கேள்விகள் கருவைப் பற்றியவை. அடுத்து வருபவை பெரும்பாலும் ஆய்வகத்தைப் பற்றியவை.

1. எல்லா செல்லுக்கும் ஒரே டிஎன்ஏ தானே? அப்புறம் ஒண்ணு தோலாவும் ஒண்ணு மூளையாவும் எப்படி மாறுது?

டிஎன்ஏ ஒன்றுதான். அதில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதுதான் செல்லுக்குச் செல் வேறுபடுகிறது. மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கல்லீரல் செல் அவற்றில் ஆல்புமின் மரபணுவைத் திறந்து வைத்திருக்கிறது, நரம்புச் செல் அதை மூடி வைத்திருக்கிறது.

எதைத் திறப்பது, எதை மூடுவது என்பது இரண்டு வழிகளில் முடிவாகிறது. செல் பிரியும்போது தாய்ச் செல்லின் உள்ளே இருக்கும் பொருட்கள் இரு மகள் செல்களுக்கும் சமமில்லாமல் போய்ச் சேரலாம். அல்லது, பக்கத்தில் இருக்கும் செல்கள் புரதங்களை வெளியிட்டுத் தகவல் சொல்லலாம். பாலூட்டிகளின் கருவில் இரண்டாவது வழிக்கே பெரும் பங்கு. 8 செல் நிலையில் எலிக் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்துவிட்டாலும் மற்றவை அந்த இடத்தை ஈடுகட்டி முழு எலியாக வளர்ந்துவிடும். ஒவ்வொரு செல்லின் தலைவிதியும் முன்பே எழுதப்பட்டிருந்தால் இது நடக்காது.

2. சிக்னல் புரதம்னா ஹார்மோன் மாதிரியா?

வேலை ஒன்றுதான், தூரம் வேறு. ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகும். கருவின் சிக்னல் புரதங்கள் பெரும்பாலும் சில செல்கள் தள்ளி, அதிகபட்சம் சில நூறு மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் வேலை முடிக்கின்றன. நாட்ச் என்ற வழித்தடத்தில் (தகவல் செல்லுக்குள் கடந்து போகும் பாதை) அந்தத் தூரமும் கிடையாது: அனுப்பும் செல்லின் மேற்பரப்பில் உள்ள டெல்டா புரதம், பெறும் செல்லின் நாட்ச் ஏற்பியை, அதாவது தகவலை வாங்கும் புரதத்தை, தொட்டால்தான் தகவல் போகும்.

3. வழித்தடம் ஆயிரக்கணக்கில் இருக்குமே, எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். கருவளர்ச்சியின் பெரும்பகுதியை விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே நடத்துகின்றன: டிஜிஎஃப்-பீட்டா பெருங்குடும்பம், வின்ட், ஹெட்ஜ்ஹாக், எஃப்ஜிஎஃப், நாட்ச். பிஎம்பி, நோடல், ஆக்டிவின் மூன்றும் முதலில் சொன்ன பெருங்குடும்பத்தில் அடங்கும். மனிதனிடம் வின்ட் புரதங்கள் 19, எஃப்ஜிஎஃப் 22, ஹெட்ஜ்ஹாக் 3. இவற்றோடு ரெட்டினாயிக் அமிலமும் உண்டு. அது புரதமல்ல, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் சிறு மூலக்கூறு. ஆனாலும் கருவில் அதே தரத்தில் வேலை செய்கிறது.

இவ்வளவு குறைவான சிக்னல்களை வைத்து நூற்றுக்கணக்கான செல் வகைகள் எப்படி உருவாகின்றன என்பதுதான் உண்மையான கேள்வி. 6, 7 ஆகிய பதில்கள் அதைப் பற்றியவை.

4. வெளியில இருக்கற புரதம் உள்ள இருக்கற மரபணுவை எப்படி மாத்துது? அது செல்லுக்குள்ள போகுதா?

பொதுவாகப் போவதில்லை. அது கதவைத் தட்டுகிறது. உள்ளே ஓடுவது வேறு புரதம். பிஎம்பி4-ஐ எடுத்துக்கொள்வோம். அது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இரண்டு வகை ஏற்பிகளை ஒன்றாகச் சேர்க்கிறது. இரண்டாம் வகை ஏற்பி முதல் வகையின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. விழித்துக்கொண்ட முதல் வகை ஏற்பி, ஸ்மாட்1, 5, 9 ஆகிய புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அவை ஸ்மாட்4-ஐச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் டிஎன்ஏ மேல் உட்காருகின்றன. பிஎம்பி4 சேர்த்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாஸ்பேட் ஏறிய ஸ்மாடை உட்கருவில் சாயமிட்டுப் பார்க்கலாம். ஆக்டிவினும் நோடலும் இதே முறையில் ஸ்மாட்2, 3 வழியாகப் பேசுகின்றன.

வின்ட் வழித்தடத்தின் போக்கு வேறு. சிக்னல் இல்லாதபோது செல் பீட்டா-கேட்டனினைத் தயாரித்துக்கொண்டே, ஜிஎஸ்கே3 உள்ளிட்ட ஒரு கூட்டணியின் மூலம் அதை அழித்துக்கொண்டும் இருக்கிறது. வின்ட் வந்து ஏற்பியில் பட்டதும் அழிப்பு நிற்கிறது, பீட்டா-கேட்டனின் சேர்ந்து உட்கருவுக்குள் போகிறது. ஆகவே வின்ட் புரதமே இல்லாமல் ஜிஎஸ்கே3-ஐ ஒரு மருந்தால் தடுத்தாலும் செல் வின்ட் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் இதை நாள்தோறும் பயன்படுத்துகிறோம்.

5. கருவில் இந்தப் பேச்சு எப்போ ஆரம்பிக்குது?

கர்ப்பப்பையில் பதியும் முன்பே. மனிதக் கரு 5, 6 நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே ஒரு செல் தொகுதி கொண்ட பந்து) ஆகிறது. எலியின் பிளாஸ்டோசிஸ்டில் உட்செல் தொகுதி இரண்டாகப் பிரிவதை எஃப்ஜிஎஃப்4 நடத்துகிறது. நானாக் என்ற புரதம் அதிகமுள்ள செல்கள் எஃப்ஜிஎஃப்4-ஐ வெளியிடுகின்றன. அதைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்துச் செல்களில் காட்டா6 என்ற புரதம் ஓங்கி, அவை மஞ்சள்கருப் பையை உருவாக்கும் தொடக்க அகப்படையாகின்றன. எஃப்ஜிஎஃப்4-ஐ வெளியிலிருந்து நிறையக் கொடுத்தால் உட்செல் தொகுதி முழுவதும் அந்தப் பக்கம் சாயும். எஃப்ஜிஎஃப் செய்தியை உள்ளே கடத்தும் எர்க் வழியை மருந்தால் அடைத்தால் அத்தனையும் எபிபிளாஸ்ட் (உடலாக வளரும் பகுதி) பக்கம் போய்விடும். ஒரே ஒரு சிக்னல் எவ்வளவு தூரம் முடிவெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

மனிதனில் மூன்றாம் வாரத்தில் புறப்படை, நடுப்படை, அகப்படை என மூன்று அடுக்குகள் உருவாகின்றன. நோடல், வின்ட், பிஎம்பி மூன்றும் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் அதை நடத்துகின்றன.

6. ஒரு புத்தகத்துல பிஎம்பி எலும்பாக்கும்னு இருக்கு, இன்னொண்ணுல தோலாக்கும்னு இருக்கு, இன்னொண்ணுல செல்லைக் கொல்லும்னு இருக்கு. எது சரி?

மூன்றும் சரி. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் தாது நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்து, அங்கே புது எலும்பு வளர்வதைக் காட்டினார். பிஎம்பி என்ற பெயரே அந்த ஆய்விலிருந்து வந்தது. அதே பிஎம்பி, கருவின் புறப்படையில் தோலை உருவாக்குகிறது. விரல்களுக்கு நடுவே செல்களைச் சாக வைக்கிறது. லிஃப் என்ற புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் எலியின் ஸ்டெம் செல்லை மாறாமல் வைத்திருக்கிறது. மனித ஸ்டெம் செல்லுக்குக் கொடுத்தால் நஞ்சுக்கொடி வகைச் செல்லை நோக்கித் தள்ளுகிறது.

பள்ளி மணி ஒன்றுதான். காலையில் அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குள் போவார்கள், மாலையில் அடித்தால் வீட்டுக்கு ஓடுவார்கள். பெறும் செல்லில் அந்த நேரத்தில் எந்தப் படியெடுத்தல் காரணிகள் (மரபணுவை இயக்கும் புரதங்கள்) இருக்கின்றன, குரோமாட்டின் (டிஎன்ஏ சுற்றப்பட்ட இழை) எங்கே திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்மாட் போய் உட்காரும் இடம் மாறுகிறது. “இந்தப் புரதம் என்ன செய்யும்?” என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. எந்தச் செல், எந்த நாள், எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

7. அளவு மாறினா செல் வகையே மாறிடுமா? கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, அவ்வளவு தானே?

மாறிவிடும். முதுகுத்தண்டுவடம் உருவாகும் நரம்புக் குழலின் அடியில் முதுகுநாண் இருக்கிறது. அதிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் கசிந்து மேல்நோக்கிப் பரவுகிறது. அடியில் செறிவு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. இந்தச் சரிவைப் படித்துக்கொண்டு செல்கள் கீழிருந்து மேலாகத் தளத்தட்டு, வி3 இடைநரம்பு, இயக்க நரம்பு, வி2, வி1, வி0 என அடுக்காக அமைகின்றன. கோழிக் கருவின் நரம்புத் திசுவை வெட்டியெடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தபோது, ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்குப் போக இரண்டு மூன்று மடங்குச் செறிவு வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

செறிவோடு நேரமும் கணக்கில் உண்டு. குறைவான செறிவில் நீண்ட நேரம் இருந்த செல்லும், அதிகச் செறிவில் குறைந்த நேரம் இருந்த செல்லும் ஒரே முடிவுக்கு வரலாம். மனித ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை உருவாக்கும்போது நேரத்தின் வலு இன்னும் நன்றாகத் தெரியும்: முதல் நாள் வின்ட் வழியைத் திறக்க வேண்டும், 3-ஆம் நாள் அதே வழியை ஐடபிள்யூபி2 போன்ற தடுப்பானால் அடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் துடிக்கும் செல் கிடைக்காது. இரண்டும் சரியாக அமைந்தால் 8 முதல் 10 நாளில் தட்டு துடிப்பதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

8. நரம்புத் திசு வர எந்த சிக்னல் கொடுக்கணும்?

இங்கே விடை தலைகீழ். சிக்னலைத் தடுக்க வேண்டும். 1924-இல் ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மங்கோல்டும் நியூட் என்ற நீர்நில வாழ்வியின் கரு ஒன்றின் முதுகுப்பக்க உதட்டுத் திசுவை எடுத்து வேறொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது உடல் அச்சு, நரம்புக் குழலோடு எழுந்தது. அந்த நரம்புக் குழலில் பெரும்பகுதி ஒட்டப்பட்ட திசுவிலிருந்து வரவில்லை, ஏற்றுக்கொண்ட கருவின் செல்களிலிருந்தே வந்தது. ஸ்பேமானுக்கு 1935-இல் நோபல் கிடைத்தது. மங்கோல்ட் 1924-லேயே இறந்துவிட்டார்.

அந்தத் திசு வெளியிடும் பொருள் என்ன என்ற தேடல் பல பத்தாண்டுகள் நீண்டது. 1990-களில் நாக்கின், கார்டின் ஆகிய புரதங்கள் கிடைத்தன. இரண்டுமே பிஎம்பி-யைப் பிடித்துவைத்து ஏற்பியிடம் போகவிடாமல் செய்பவை. புறப்படை செல் பிஎம்பி-யைக் கேட்டால் தோலாகும், கேட்காவிட்டால் நரம்பாகும். ஆய்வகத்தில் எல்டிஎன்193189, எஸ்பி431542 என்ற இரண்டு தடுப்பான்களைக் கொடுத்து ஸ்மாடின் இரு கிளைகளையும் அடைக்கும் முறை இந்தத் தத்துவத்தில்தான் நிற்கிறது. வழக்கமான அளவு முறையே 100 நானோமோலார், 10 மைக்ரோமோலார். வெற்றியை, நரம்புத் திசுவின் அடையாளப் புரதமான பாக்ஸ்6-க்குச் சாயமிட்டுப் பார்க்கலாம்.

9. செல் சாகறது விபத்து இல்லையா? அதுக்கும் சிக்னலா?

கருவில் செல் இறப்பது பெரும்பாலும் ஏற்பாட்டின்படி நடப்பது. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற சிறு புழுவில் 1,090 உடற்செல்கள் உருவாகி, அவற்றில் 131 செல்கள் குறித்த நேரத்தில் இறந்து, 959 மிஞ்சுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் இறப்பவை அதே செல்கள். இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் வழங்கப்பட்டது.

முதுகெலும்பிகளில் ஏற்பாடு இன்னும் நெகிழ்வானது. இங்கே பல செல்களுக்குச் சாவதுதான் இயல்பு நிலை. பிழைக்கத்தான் சிக்னல் வேண்டும். கோழிக் கருவின் இயக்க நரம்புகளில் ஏறத்தாழ பாதி இறந்துபோகின்றன. கால் மொட்டை வெட்டிவிட்டால் இறப்பு கூடுகிறது. கூடுதலாக ஒரு கால் மொட்டை ஒட்டினால் அதிக நரம்புகள் பிழைக்கின்றன. இலக்குத் திசு கொடுக்கும் புரதத்தின் அளவுக்கு ஏற்பவே நரம்புகளின் எண்ணிக்கை நிற்கிறது. இப்படி உணர்வு நரம்புகளையும் சிம்பதெடிக் நரம்புகளையும் பிழைக்க வைக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததில் பங்கு கொண்ட ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் கிடைத்தது.

உள்ளே நடப்பது இதுதான்: பிழைப்பு சிக்னல் ஏகேடி என்ற நொதியை இயக்குகிறது, அது பேட் போன்ற மரணத் தூண்டிகளை அடக்கிவைக்கிறது. சிக்னல் நின்றால் பேக்ஸ், மைட்டோகாண்ட்ரியாவில் துளையிடுகிறது. சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. காஸ்பேஸ்9, பிறகு காஸ்பேஸ்3 விழித்துச் செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டுகின்றன.

விரல் இடுக்குகளில் நேர்மாறு: அங்கே பிஎம்பி வந்து இறப்பைத் தூண்டுகிறது. வாத்தின் காலில் கிரெம்லின் என்ற புரதம் பிஎம்பி-யைப் பிடித்துவைப்பதால் சவ்வு மிஞ்சுகிறது. கோழிக் கருவின் கால் இடுக்கில் கிரெம்லின் ஊறிய சிறு மணியுருண்டையை வைத்தால் கோழிக்கும் சவ்வு வருகிறது.

10. எலி ஸ்டெம் செல்லுக்குப் போடற மீடியத்தையே மனித செல்லுக்குப் போட்டா என்ன?

மாறிப்போகும், அல்லது செத்துப்போகும். மீடியம் என்பது செல் வளரும் ஊட்டக் கரைசல். எலியின் செல்லுக்கு லிஃப் தேவை, வழக்கமாக மில்லிக்கு 1,000 யூனிட். அதனோடு எர்க் வழியை அடைக்கும் பிடி0325901 1 மைக்ரோமோலாரும், ஜிஎஸ்கே3-ஐத் தடுக்கும் சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலாரும் சேர்த்தால் செல்கள் இன்னும் சீராக இருக்கும். 5-ஆம் பதிலை நினைவில் கொண்டால் காரணம் புரியும்: எலியில் எஃப்ஜிஎஃப்-எர்க் என்பது ‘மாறு’ என்னும் செய்தி, அதை அடைக்கிறோம்.

வழக்கமாக வளர்க்கும் மனித ஸ்டெம் செல் கருவில் அதைவிடப் பிந்திய நிலையை ஒத்தது. அதற்கு எஃப்ஜிஎஃப்2-உம், ஆக்டிவின் அல்லது டிஜிஎஃப்-பீட்டாவும்தான் ‘இப்படியே இரு’ என்று சொல்கின்றன. மனித ஸ்டெம் செல்லுக்கான ஈ8 என்ற மீடியத்தில் எஃப்ஜிஎஃப்2 மில்லிக்கு 100 நானோகிராம் இருக்கிறது. சாதாரண எஃப்ஜிஎஃப்2, 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். தினமும் மீடியம் மாற்றச் சொல்வதன் முக்கியக் காரணம் இது.

11. மனித செல்லைத் தனித்தனியா பிரிச்சதும் எல்லாம் செத்துப் போகுது. டிரிப்சின் அதிகமாயிடுச்சா?

நொதி அதிகமானாலும் சாகும். ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல் வேண்டாம். இந்தச் செல்கள் ஒன்றையொன்று ஈ-கேடெரின் என்ற ஒட்டும் புரதத்தின் மூலம் பிடித்துக்கொண்டு வாழ்பவை. பிடி விட்டதும் ராக் என்ற நொதி கட்டுக்கடங்காமல் இயங்கி, மையோசின் இறுகி, செல்லின் மேல் கொப்புளங்கள் எழும்பும். அடுத்த சில மணி நேரத்தில் செல் இறந்துவிடும். நுண்ணோக்கியில் கொதிக்கும் கஞ்சியைப் போலத் தெரிந்தால் இதுதான் நடக்கிறது.

ராக் தடுப்பானான ஒய்-27632-ஐ 10 மைக்ரோமோலார் அளவில், பிரித்த பிறகு விதைக்கும் மீடியத்தில் சேருங்கள். 24 மணி நேரத்தில் அது இல்லாத மீடியத்துக்கு மாற்றிவிடுங்கள். 2007-இல் இந்த முறை வெளிவந்தபோது, தனிச் செல்லிலிருந்து குடும்பமாக வளரும் விகிதம் சுமார் 1 சதவீதத்திலிருந்து 27 சதவீதம் வரை உயர்ந்தது. வேறுபாடு அடையும் சோதனை தொடங்கும் நாளில் மீடியத்தில் இது மிஞ்சியிருக்கக் கூடாது. செல்லின் வடிவத்தையும் ஒட்டும் தன்மையையும் மாற்றுவதால் முடிவு குழம்பும்.

12. அகப்படை செல் வேணும். ஆக்டிவின் போட்டேன், ஆனா நடுப்படை மாதிரி வருது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது செறிவு. ஆக்டிவின் குறைந்தால் நடுப்படை, உயர்ந்தால் அகப்படை. அகப்படைக்கு வழக்கமான அளவு மில்லிக்கு 100 நானோகிராம். இரண்டாவது, முதல் நாளின் வின்ட் விட்டுப்போயிருக்கலாம். முதல் 24 மணி நேரம் ஆக்டிவினோடு வின்ட்3ஏ மில்லிக்கு 25 நானோகிராம் அல்லது சிஎச்ஐஆர்99021 சேர்த்து, பிறகு அதை எடுத்துவிட்டு ஆக்டிவினை மட்டும் இரண்டு நாள் தொடர வேண்டும். சிஎச்ஐஆர்99021-ஐ எடுக்க மறந்தால் செல்கள் நடுப்படை பக்கமே நின்றுவிடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: இன்சுலின். சீரத்திலும் பல துணைக் கரைசல்களிலும் அது இருக்கிறது. அது ஏகேடி வழியை இயக்கும். அந்த வழி ஓங்கியிருக்கும்போது ஆக்டிவினால் அகப்படையைக் கொண்டுவர முடியாது. அதனால்தான் சீரத்தை முதல் நாள் 0, இரண்டாம் நாள் 0.2 சதவீதம், பிறகு 2 சதவீதம் என்று மெதுவாக ஏற்றும் முறை வந்தது. 9-ஆம் பதிலில் ஏகேடி-தான் செல்லைப் பிழைக்க வைக்கிறது என்று சொன்னோம். அதை இறக்கிவைக்கும் இந்த இரண்டு நாளில் நிறையச் செல்கள் மிதக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. நாள் 1-இல் பிராக்கியூரி, நாள் 3-இல் சாக்ஸ்17, ஃபாக்ஸ்ஏ2 ஆகிய அடையாளப் புரதங்களைப் பார்த்து வழியில் இருக்கிறீர்களா என்று சரிபாருங்கள்.

13. 10 மைக்ரோகிராம் குப்பி வாங்கியிருக்கோம். எப்படிக் கரைக்கறது, எவ்வளவு போடறது?

திறக்கும் முன் குப்பியை மையவிலக்கியில் சில வினாடி சுழற்றுங்கள். தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருக்கும், பெரும்பாலும் மூடியில்தான் ஒட்டியிருக்கும். குப்பியோடு வரும் தாளில் உள்ள கரைப்பானையே பயன்படுத்துங்கள்: பிஎம்பி4-க்கும் டிஜிஎஃப்-பீட்டாவுக்கும் பொதுவாக 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.1 சதவீத பிஎஸ்ஏ-வும் (மாட்டுச் சீர ஆல்புமின்). எஃப்ஜிஎஃப்2-க்கு பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலும் 0.1 சதவீத பிஎஸ்ஏ-வும். பிஎஸ்ஏ இல்லாமல் நீர்த்தால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் 100 என்று நினைப்பது உண்மையில் அதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஒரு மைக்ரோலிட்டரில் 100 நானோகிராம். 2 மில்லி மீடியத்தில் மில்லிக்கு 100 நானோகிராம் வேண்டுமென்றால் மொத்தம் 200 நானோகிராம், அதாவது 2 மைக்ரோலிட்டர். மில்லிக்கு 10 நானோகிராம் போதுமென்றால் 0.2 மைக்ரோலிட்டர் எடுக்க முயலாதீர்கள், பிப்பெட் அதைத் துல்லியமாக எடுக்காது. முதலில் 10 மடங்கு நீர்த்து, அதிலிருந்து 2 மைக்ரோலிட்டர் எடுங்கள். மிச்சத்தை ஒருமுறைக்கு வேண்டிய சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

14. புரதத்துக்குப் பதிலா சின்ன மூலக்கூறு மருந்தே போதுமே?

பல இடங்களில் போதும், மலிவும்கூட. வின்ட்3ஏ கொழுப்பு ஒட்டிய புரதம் என்பதால் சீரமில்லாத மீடியத்தில் சீக்கிரம் வலுவிழக்கும்; சிஎச்ஐஆர்99021 நிலையானது. ஆனால் இரண்டும் சமமல்ல. வின்ட் ஏற்பி வழியாக வருகிறது, செல் அதைத் தானே மட்டுப்படுத்த முடியும். மருந்து ஏற்பியைத் தாண்டி நேராக ஜிஎஸ்கே3-ஐ அடைக்கிறது, அந்த நொதிக்கு வேறு பல வேலைகளும் உண்டு. அளவு கூடினால் செல் சாகும். ஒவ்வொரு செல் வரிசைக்கும் 4 முதல் 12 மைக்ரோமோலாருக்குள் படிப்படியாக வைத்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

15. 60 சதவீதம் பாசிட்டிவ் வந்திருக்கு. அப்போ சிக்னல் வேலை செஞ்சிடுச்சுன்னு எழுதலாமா?

இன்னும் எழுத முடியாது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமென்றால் இதைப் படியுங்கள். பாசிட்டிவ், அதாவது தேடிய வகையின் அடையாளம் காட்டும் செல்களின், சதவீதம் கூடுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. செல்கள் மாறியிருக்கலாம், அல்லது மாறாதவை செத்துப்போய், முன்பே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தவை மட்டும் மிஞ்சியிருக்கலாம். இரண்டு தட்டிலும் 1 லட்சம் செல் விதைத்தீர்கள், இரண்டிலும் 60 சதவீதம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் தட்டில் கடைசியில் 3 லட்சம் செல் இருந்தால் பாசிட்டிவ் 1,80,000. இரண்டாவதில் 20,000 மட்டும் இருந்தால் பாசிட்டிவ் 12,000. சதவீதத்தை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. எரித்ரோபாய்டின் சிவப்பணுவை உருவாக்கும் சிக்னல் என்பது பாடம். ஆனால் அதன் ஏற்பியே இல்லாத எலிக் கருவிலும் சிவப்பணுவின் முன்னோடிச் செல்கள் உருவாகின்றன. அதற்கு மேல் பிழைத்து முதிர முடியாமல் போவதால் கரு 13-ஆம் நாள் வாக்கில் இறக்கிறது. அங்கே அந்தப் புரதம் வகையைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்ததை உயிரோடு வைத்தது. மறுபக்கம், எலியின் இரத்த முன்னோடிச் செல்களைத் தனித்தனியாகப் பல நாள் படம்பிடித்தபோது, எம்-சிஎஸ்எஃப், ஜி-சிஎஸ்எஃப் என்ற சிக்னல் புரதங்கள் இரண்டும் உண்மையாகவே வகையைத் தேர்ந்தெடுப்பது தெரிந்தது.

செய்ய வேண்டியவை: தினமும் உயிருள்ள செல்களின் மொத்த எண்ணிக்கையை எடுங்கள். வெட்டுண்ட காஸ்பேஸ்3 சாயமிட்டு யார் சாகிறார்கள் என்று பாருங்கள். இணையாக ஒரு தட்டில் காஸ்பேஸ் தடுப்பான் கொடுங்கள். சாவு குறைந்ததும் சதவீதமும் சரிந்தால், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தேர்வு. வசதியிருந்தால் ஒளிரும் மரபணு பொருத்திய செல்லை நேரலையில் படம்பிடியுங்கள். அதைவிட உறுதியான சான்று இல்லை.

16. கருவிலேயே இந்த இரண்டும் கலந்து வருமா?

வரும். கால் மொட்டின் நுனியில் ஒரு மெல்லிய விளிம்பு எஃப்ஜிஎஃப்-ஐ வெளியிடுகிறது. கோழிக் கருவில் அந்த விளிம்பை வெட்டினால் கால் பாதியில் நின்றுவிடும், நுனிப் பகுதிகள் வராது. எஃப்ஜிஎஃப்4 ஊறிய மணியை அந்த இடத்தில் வைத்தால் வளர்ச்சி மீள்கிறது. ‘நுனியாக மாறு’ என்ற கட்டளை போனதால்தான் நுனி வரவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வெட்டிய பிறகு விளிம்புக்கு அடியில் இருந்த செல்கள் பெருமளவில் இறப்பது தெரிகிறது. எலியில் எஃப்ஜிஎஃப்4, எஃப்ஜிஎஃப்8 இரண்டையும் நீக்கினாலும் தொடக்கத்திலேயே செல் எண்ணிக்கை குறைந்து, இறப்பு கூடி, கால் உருவாகாமல் போகிறது. நுனியை உருவாக்க வேண்டிய செல்களே அங்கே இல்லை.

17. கர்ப்பத்தில் சாப்பிடற மருந்து இந்த சிக்னலைக் கெடுக்குமா?

சில கெடுக்கும். கலிஃபோர்னியக் காட்டுச் செடியான வெராட்ரம் கலிஃபோர்னிக்கத்தைக் கருவுற்ற 14-ஆம் நாள் தின்ற ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. செடியில் இருந்த சைக்ளோபமைன், ஹெட்ஜ்ஹாக் வழியின் ஸ்மூதெண்ட் புரதத்தை அடைக்கிறது. முகமும் மூளையும் இரண்டாகப் பிரிவதற்கு அந்த வழி வேண்டும். அதே புரதத்தைத் தடுக்கும் விஸ்மோடெகிப் இன்று தோல் புற்றுநோய் மருந்து. கர்ப்பிணிகளுக்கு அது தடை. முகப்பருவுக்கான ஐசோடிரெட்டினாயின், 3-ஆம் பதிலில் சொன்ன ரெட்டினாயிக் அமிலத்தின் உறவு. அதுவும் கர்ப்பத்தில் தடை.

தாலிடோமைடு வேறு வகை. அது செரெப்லான் என்ற புரதத்தோடு சேர்ந்து சால்4 போன்ற படியெடுத்தல் காரணிகளை அழிக்கிறது. பாதிப்பு கருவுற்ற பின் சுமார் 20 முதல் 36 நாளுக்குள் எடுத்தவர்களிடம் தெரிந்தது. பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகும் நேரமும் அதுவே. எந்த மருந்தையும் தானாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

18. தட்டு முழுக்க ஒரே அளவு பிஎம்பி போட்டேன். ஆனா நடுவுல ஒரு வகை, ஓரத்துல ஒரு வகை. நான் சரியா கலக்கலையா?

கலந்தது சரிதான். 2014-இல் மனித ஸ்டெம் செல்களை 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வட்டங்களில் அடைத்து வளர்த்து, மில்லிக்கு 50 நானோகிராம் பிஎம்பி4 கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு நாளில் நடுவில் புறப்படை, சுற்றி நடுப்படை, அதற்கு வெளியே அகப்படை, ஓரத்தில் கருவுக்கு வெளியே உள்ள திசுவைப் போன்ற செல் என வளையம் வளையமாக அமைந்தன. சிக்னல் எங்கும் ஒன்றே. கேட்கும் திறன் வேறு. நெருக்கமான நடுப்பகுதியில் பிஎம்பி ஏற்பிகள் செல்லின் பக்கவாட்டுக்குப் போய்விடுவதால் மேலேயுள்ள மீடியம் அவற்றை எட்டுவதில்லை. ஓரத்தில் எட்டுகிறது. அதோடு செல்களே நாக்கினைத் தயாரித்து வெளியிடுகின்றன. அது நடுவில் தேங்கி, ஓரத்தில் மீடியத்தில் கரைந்து போகிறது.

தட்டுக்குத் தட்டு முடிவு மாறுவதன் முதல் காரணமும் இதுவே. விதைக்கும் அடர்த்தியை ஒவ்வொரு முறையும் எண்ணிக் குறித்துவையுங்கள். விதைத்த பிறகு தட்டை வட்டமாகச் சுழற்றினால் செல்கள் நடுவில் குவியும். முன்பின்னாகவும் இடவலமாகவும் மெதுவாக அசைத்து, 15 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு இன்குபேட்டருக்குள் எடுத்துச் செல்லுங்கள்.